கடையில் எரியும், வீட்டில் அணையும்

ஆரணி சைதாப்பேட்டையில் ஸ்வர்ணலதா ரிப்பேர் கடை வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும், புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் இல்லீங்களா?" என்றுதான் கேட்பார்கள். முதல் இரண்டு வருஷம் "நான்தாங்க மெக்கானிக்" என்று நிமிர்ந்து சொன்னாள். அப்புறம் கொஞ்ச காலம் எரிச்சலோடு சொன்னாள். 2008ஆம் வருஷம் அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அதற்குள் பதில் சொல்வதையே விட்டிருந்தாள். கையை நீட்டிப் பொருளை வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான்.

ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. பிரிவில் அவள் சேர்ந்த வருஷம் பெண்கள் இரண்டே பேர். மற்றவள் ஆறு மாதத்தில் கல்யாணமாகிப் போனாள். ஸ்வர்ணலதா முடித்துவிட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டாள். கணவன் மாணிக்கவேல் அரிசி மில்லில் நெல் அவிக்கிற பக்கத்துக்கு மேஸ்திரி. ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் ராத்திரி வேலை. தெருத்தெருவாகக் கேபிள் டி.வி. இழுத்துக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு தையல் கடை காலி செய்த சின்ன அறையைப் பிடித்து அவள் கடை போட்டாள். கலர் டி.வி.யின் பின்மூடியைக் கழற்றி ஒரு பொம்பளை உள்ளே கைவிடுவதைப் பார்ப்பதற்காகவே முதல் மாதம் பத்துப் பேர் நின்றார்கள். பிறகு அந்த வேடிக்கை பழகிப்போனது.

பட்டு வியாபாரிகள் பில் போடக் கம்ப்யூட்டர் வாங்க ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலூருக்குப் போய் ஆறு மாதம் அதையும் படித்துவிட்டு வந்தாள். முதல் லேப்டாப்பைத் திறந்தபோது ஒரு அட்டையில் அதன் உருவத்தை வரைந்து, எந்த இடத்திலிருந்து எந்தத் திருகாணி வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தாள். இருபத்தேழு திருகாணிகள். மூடும்போது ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

அவளுக்கு அலுப்பு எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. காலை நாலரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அதைப் பிடித்து, சமைத்து, பத்தாவது படிக்கிற மகளை அனுப்பி, கடைக்கு வந்தால் அந்த வருஷம் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் கட். மின்சாரம் போனால் வியர்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும், வந்ததும் அந்த இரண்டு மணி நேரத்தை ஈடுகட்ட ஓட வேண்டும். குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயர்ன் பிடித்த கை லேசாக நடுங்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியான சேதியாகவும் அது அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த ஆடி மாதத்தில்தான் பரசுராமன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பரசுராமன் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். பார்டரில் ஓடுகிற மயிலும் முந்தியில் நிற்கிற யானையும் முதலில் அவர் கையில்தான் பிறக்கும். இருபது வருஷம் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் போட்டவர், நாற்பத்தாறு வயதில் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார். சென்னையிலிருந்து தெரிந்தவர் மூலம் வாங்கிய பழைய லேப்டாப். ஆவணி முகூர்த்தத்துக்கான ஒன்பது டிசைன்கள் அதற்குள் பாதியில் நின்றிருந்தன.

"பட்டனை அமுக்கினா லைட்டு வருதும்மா. ஸ்க்ரீனு பளிச்சுனு ஒருவாட்டி வந்து அப்பிடியே இருட்டாயிடுது. ரெண்டு நாளா இதே பேஜாரு."

"கீழ எங்கனா விழுந்துச்சாண்ணா? தண்ணி, டீ எதுனா கொட்டிச்சா?"

"சேச்சே. கொழந்த மாதிரி வெச்சிகினு கீறேன்."

ஸ்வர்ணலதா அவர் எதிரிலேயே பட்டனை அமுக்கினாள். லேப்டாப் ஒழுங்காக எழுந்து உட்கார்ந்தது. மயில் தெரிந்தது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் பார்த்தார்கள். அணையவில்லை. பேட்டரியைக் கழற்றி முனைகளைத் துடைத்தாள். மெமரியை எடுத்து, ரப்பரால் தேய்த்து, மறுபடி அழுத்தி வைத்தாள். சார்ஜரை மீட்டரில் பார்த்தாள், வோல்ட் சரியாக இருந்தது. "அழுக்கு சேர்ந்திருக்கும்ணா, இப்ப பாருங்க" என்று கொடுத்தனுப்பினாள்.

அவர் வீடு கொசப்பாளையத்தில். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "இன்னாம்மா சரி பண்ணின? பழையபடி இருட்டாயிடுச்சி."

இரண்டாவது முறை அவள் லேப்டாப்பை இரண்டு நாள் கடையிலேயே வைத்துக்கொண்டாள். காலையில் போட்டதைச் சாயங்காலம் வரை ஓடவிட்டாள். முழுவதும் கழற்றினாள். மின்விசிறியில் அடைந்திருந்த தூசியை ஊதி எடுத்தாள். சூட்டில் அணைகிறதோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அணைத்து அணைத்து நாற்பது தடவையாவது போட்டிருப்பாள். ஒரு தடவைகூட அது ஏமாற்றவில்லை. பழுது இருந்தால் கண்டுபிடிக்கலாம். இல்லாத பழுதை எங்கே போய்த் தேடுவது?

"உங்க வீட்டுல கரண்டு ஏறி எறங்குதோ இன்னாவோ" என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் அதை நம்பி ஒரு யு.பி.எஸ். வாங்கி மாட்டினார். அன்றைக்குச் சாயங்காலமே லேப்டாப் மறுபடி இருண்டது.

மூன்றாம் முறை அவர் கடைக்குள் வரவில்லை. தெருவில் நின்றபடியே பேசினார். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்க கொணாந்தா எரியுது, ஊட்டுக்கு எடுத்துகினு போனா அணைஞ்சிடுது. இது இன்னா கண்கட்டு வித்தையா? உள்ள எத்தையோ மாத்தி வெச்சிட்ட. அன்னைக்கே சொன்னாங்க, பொம்பள கையில கொடுக்காதய்யான்னு. எம் புத்திய செருப்பால அடிக்கணும்."

ஸ்வர்ணலதாவுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது அலுப்புதான். "கொடுங்கண்ணா, பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் கொடுக்காமல் போய்விட்டார்.

சின்ன ஊர். நாலைந்து நாளில் பேச்சு பரவிவிட்டது. அவள் மாதாமாதம் போய்ப் பார்த்துவருகிற பட்டுக் கடை ஒன்றில் நான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அந்த முதலாளி, "இந்த மாசம் வேணாம்மா, நானே சொல்லி அனுப்பறேன்" என்றார். சொல்லி அனுப்பவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்திருந்த இரண்டு பேர் வேலை முடியும் முன்னாலேயே பொருளைத் திருப்பி வாங்கிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மாணிக்கவேல் மில்லிலிருந்து வந்து, தவிடு ஒட்டிய சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "உட்டுடு லதா. புதுசா தொறக்கிற ஜவுளிக் கடையில பில்லு போட ஆள் கேக்கறாங்க. காத்தாடிக்குக் கீழ ஒக்காந்து வேலை. ஒண்ணாம் தேதி வரச் சொல்றாங்க."

"நான் மாத்தலைங்க. அதுல எதையும் மாத்தலை."

"மாத்தினேன்னு நான் சொன்னனா? உன் மூஞ்ச கண்ணாடியில பாரு. எத்தினி நாளாச்சி நீ சிரிச்சி?"

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு வருத்தமாக இருந்தது. "சரி, வர்றேன்னு சொல்லிடுங்க" என்றாள்.

சனிக்கிழமை கடையில் திருப்பித் தர வேண்டியவற்றை ஒதுக்கிவைக்கத் தொடங்கினாள். பாதி கட்டியதும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கடையை மூடுவதில் அவளுக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்றே நினைத்தாள். அந்த லேப்டாப்பைத்தான் தாங்க முடியவில்லை. நாற்பது தடவை போட்டும் எரிந்தது ஏன் அங்கே அணைகிறது? அவர் பொய் சொல்கிற மனிதரும் இல்லை. அப்படியானால் வித்தியாசம் லேப்டாப்பில் இல்லை, இடத்தில் இருக்கிறது. இடத்தைப் போய்ப் பார்க்காமல் பொருளையே குடைந்துகொண்டிருந்தோமே என்று அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்க்ரூடிரைவர்களையும் மீட்டரையும் ஒரு ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு கொசப்பாளையத்துக்கு நடந்தாள்.

கதவைத் திறந்தவள் பரசுராமனின் மனைவி பரிமளா. அவளுக்குக் கொஞ்சம் சங்கடம். "வாங்கக்கா" என்று உள்ளே கூப்பிட்டாள். பரசுராமன் குளித்துக்கொண்டிருந்தார். லேப்டாப் ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜைமேல் இருந்தது. ஸ்வர்ணலதா முதலில் மேஜைக்கடியில் உட்கார்ந்து சுவர் பிளக்கைச் சோதித்தாள். மின்சாரம் சீராகத்தான் வந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பட்டனை அமுக்கினாள். எரிந்தது. காத்திருந்தாள். பரிமளா காபி கொண்டுவந்தாள். குடித்து முடித்தும் எரிந்துகொண்டே இருந்தது.

தலையைத் துவட்டியபடி வந்த பரசுராமன் அவளைப் பார்த்து நின்றார். "நீ எதுக்கும்மா வந்த?"

"உங்க லேப்டாப்பு இங்கயும் எரியுதுண்ணா. கால் மணி நேரமா எரியுது."

"அப்பிடியா?" அவர் நம்பாமல் எட்டிப் பார்த்தார். "சித்த நேரம் பொறு. நான் ஒக்காந்தா தெரியும்."

உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அவள் எழுந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்து, மேஜையை இழுத்து, இடது கையை லேப்டாப்பின்மேல் ஊன்றிக்கொண்டு வலது கையை மவுஸ் பக்கம் கொண்டுபோனதுதான் தாமதம், திரை இருண்டது.

"பாத்தியா? பாத்தியா?" அவர் குரலில் இருந்தது கிட்டத்தட்ட வெற்றி.

ஸ்வர்ணலதா நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். "எழுந்திரிங்கண்ணா."

அவள் உட்கார்ந்தாள். பட்டனை அமுக்கினாள். எரிந்தது. அவர் உட்கார்ந்தார். இருண்டது. மூன்று முறை மாறி மாறி உட்கார்ந்தார்கள். மூன்று முறையும் அப்படியே நடந்தது. பரிமளா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "உங்க கைராசிங்க அது" என்றாள்.

கை. ஸ்வர்ணலதா அப்போதுதான் அவர் கையைப் பார்த்தாள். இடது மணிக்கட்டில் கறுப்பு நிறத்தில், பட்டை பட்டையாகக் கோத்த ஒரு வளையல்.

"இது இன்னாண்ணா?"

பரசுராமன் கையைப் பின்னால் இழுத்தார். பரிமளாதான் பதில் சொன்னாள். "காந்த வளையலுக்கா. ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம், எந்தக் கையில போட்டாலும் சரியாம். இருவது வருஷம் பென்சில் புடிச்ச கை, இப்ப கம்ப்யூட்டர் எலி புடிச்சி வலி ஜாஸ்தியாயிடுச்சி. நான்தான் எங்க மகளிர் குழுவுல வாங்கினேன். நானும் நாலு பேருக்கு விக்கறேன்."

"எப்பவும் போட்டுகினு இருக்காரா?"

"எங்க! ஊட்டுல வேலை செய்றப்போதான். வெளிய போனா கழட்டி அலமாரியில வெச்சிடுவாரு. ஆம்பள வளையல் போட்டுகினு சுத்தறான்னு டீக்கடையில கேலி பண்ணாங்களாம்."

ஸ்வர்ணலதா பையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் மணிக்கட்டருகே கொண்டுபோனாள். டக் என்று போய் ஒட்டிக்கொண்டது.

ஸ்வர்ணலதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பரிமளா பயந்துபோய், "இன்னாக்கா, தண்ணி கொண்டாரட்டா?" என்றாள்.

"வேணாம். ஒண்ணுமில்ல." எழுந்து லேப்டாப்பைக் காட்டி விளக்கினாள். "இதோட மூடியில ஒரு காந்தம் இருக்குதுண்ணா. மூடினா அந்தக் காந்தம் இடது பக்கம் இந்த எடத்துக்கு வரும். உள்ள ஒரு சுவிட்சு அதைப் பாத்துட்டு, 'மூடிட்டாங்க, தூங்கலாம்'னு வெளக்கை அணைச்சிடும். நீங்க கையை ஊனறது சரியா அந்த எடத்துலதான். உங்க வளையலை மூடின்னு நெனச்சிக்குது."

பரசுராமன் வளையலைக் கழற்றினார். உட்கார்ந்தார். எரிந்தது. கையை ஊன்றினார். எரிந்துகொண்டே இருந்தது. மயிலின் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

"தெருவுல நின்னு கத்தியிருக்கக் கூடாதும்மா" என்றார் திரையைப் பார்த்தபடியே.

"பரவால்லண்ணா."

"பரவால்லன்னு சொல்லாத. கத்தியிருக்கக் கூடாது." வளையலைக் கையில் வைத்து உருட்டினார். "ஆனா இது போட்டதுலேர்ந்துதான் வலி கொஞ்சம் கொறைஞ்சிது. இனிமே போடவே கூடாதா?"

வலி குறைந்தது காந்தத்தாலா என்று அவளுக்குத் தெரியாது. வலியோடு வேலை செய்வது என்னவென்று தெரியும். "வலது கையில போட்டுக்கோங்க. அந்தப் பக்கம் சுவிட்சு இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்து மாணிக்கவேலிடம் சொன்னபோது அவன் முதலில் நம்பவில்லை, பிறகு சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்தது. மகள் ஓடிவந்து முதுகைத் தட்டினாள்.

பரசுராமன் நல்ல மனிதர். தான் கெடுத்த பேரைத் தானே சரிசெய்ய வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொன்னார். ஆனால் அவர் சொன்ன கதை டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வேறாகிவிட்டது. "அந்த வளையலுக்கு இன்னா சக்தி பாரு! கம்ப்யூட்டரையே நிறுத்திடுதாம். மனுஷன் ஒடம்புல எவ்ளோ வேலை செய்யும்!" என்று பேசிக்கொண்டார்கள். ஒரே மாதத்தில் பரிமளா இருபத்திரண்டு வளையல் விற்றாள். பட்டுக் கடை முதலாளி ஸ்வர்ணலதாவைத் திரும்பக் கூப்பிட்டார், அதுவும் உண்மை. வேலை முடிந்து கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "அந்த வளையலு உங்ககிட்ட கெடைக்குமாம்மா? எனக்கு முழங்கால் வலி" என்று கேட்டார்.

ஜவுளிக் கடைக்கு அவள் போகவில்லை. மாணிக்கவேல் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டான். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கறேங்க" என்றாள். ஏன் என்று அவளால் விளக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாறி மாறி நாற்காலியில் உட்கார்ந்த பத்து நிமிஷம் கழுத்து வலியே அவளுக்குத் தெரியவில்லை. அதையெல்லாம் காரணம் என்று சொல்ல முடியுமா?

கடையைத்தான் விட்டாள். பொங்கலுக்குப் பிறகு அறையைக் காலி செய்துகொடுத்துவிட்டு, பழைய மொபெட் ஒன்று வாங்கி, வீடு தேடிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தாள். பொருள் எங்கே கெடுகிறதோ அங்கேயே பார்க்க வேண்டும் என்பது அவள் கற்றுக்கொண்டது. ஒரு வீட்டில் பூஜை அலமாரி விபூதி கீபோர்டுக்குள் போயிருந்தது. ஒரு நெல் மண்டியில் எலி வயரைக் கடித்திருந்தது. போளூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் பதினைந்து மைல் போனால், சுவரில் சுவிட்ச் போடாமல் விட்டிருந்தார்கள். போட்டுவிட்டு, அவர்கள் வெட்கப்படாமல் இருக்க ஐந்து நிமிஷம் அங்கேயும் இங்கேயும் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அலுப்பு போய்விடவில்லை. கழுத்து வலியோடு இப்போது இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது. வெயிலில் முகம் கறுத்தது. தெருக்குழாயில் தண்ணீர் அதே நாலரைக்குத்தான் வந்தது.

அந்தச் சித்திரையில் தெள்ளாருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். குணசுந்தரி என்ற டீச்சர் வீடு. லேப்டாப் எழுந்திருக்கவில்லை என்றார்கள். ஸ்வர்ணலதா போய்ச் சேர்ந்து, செருப்பைக் கழற்றி, பையைக் கீழே வைத்த நிமிஷம் மின்சாரம் போனது. லேப்டாப்பின் பேட்டரியும் செத்துப்போயிருந்தது. மின்சாரம் வந்தால்தான் ஏதாவது செய்ய முடியும்.

"ரெண்டு மணி நேரம் ஆகுங்க வர்றதுக்கு" என்றார் குணசுந்தரி. "மோர் குடிங்க. செவுத்துல சாஞ்சி ஒக்காருங்க."

மோரைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். குளிர்ந்த சிமெண்ட் தரை. வெளியே எங்கோ நாட்டுக்கோழி கொக்கரித்துக்கொண்டிருந்தது. எப்போது கண் மூடியது என்று தெரியவில்லை.

மின்சாரம் வந்து தலைக்கு மேல் மின்விசிறி சுற்றத் தொடங்கியதும், குணசுந்தரியின் கணவர் அவளை எழுப்பப் போனார். குணசுந்தரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"தூங்கட்டும் உடுங்க" என்றார் மெதுவாக. "லேப்டாப்பு எங்கியும் ஓடிடாது."